மூளையோடு சேர்ந்து அசையும் மின்முனை

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளியின் கைத்திறன் இரண்டு விதமாகத் தெரியும். அன்றைக்குச் சிரட்டையில் எவ்வளவு பால் சேர்ந்தது என்பது ஒன்று. வெட்டிய இடத்தில் சில ஆண்டுகள் கழித்துப் பட்டை எப்படி வளர்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளரும் அடுக்கு இருக்கிறது. தேர்ந்த கை, அந்த அடுக்கைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டும். பட்டை சீராக மீண்டும் வளரும். அதே பரப்பில் பின்னர் ஒருமுறை வெட்டலாம். கத்தி கட்டைவரை போய்விட்டால் மரம் சாகாது. ஆனால் காயத்தை முண்டும் முடிச்சுமாக மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் மறுபடியும் பால் எடுப்பது கடினம்.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதே போன்ற ஒரு சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். மின்முனையை உள்ளே வைப்பது இன்று முடிகிற காரியம். வைத்த இடத்தைச் சுற்றி மூளை ‘முண்டு’ கட்டிவிடாமல், பத்து இருபது ஆண்டுகள் அது வேலை செய்ய வேண்டும் என்பதுதான் கடினம்.

‘மூளையில் சிப்’ என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரியான விடை சொல்ல நமக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. யங் குணகம், தடிமன், ஈரம், காயம் ஆறுதல் ஆகிய நான்கு செய்திகள் போதும். நான்குமே நம் பாடப்புத்தகங்களிலோ மாணவர்களின் அன்றாட வாழ்விலோ ஏற்கெனவே இருக்கின்றன.

மின்முனை எதற்காக?

நரம்பு செல்கள் மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன என்பதைப் பத்தாம் வகுப்பு ‘நரம்பு மண்டலம்’ பாடத்தில் நடத்துகிறோம். மரத்திலிருந்து விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அறுபட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். கையைத் தூக்க வேண்டும் என்ற கட்டளை அவர் மூளையில் இன்னும் பிறக்கிறது. வழி அறுந்துபோனதால் கைக்கு வந்து சேர்வதில்லை. அந்தக் கட்டளையை மூளையிலேயே கேட்டு, கணினிக்கோ எந்திரக் கைக்கோ அனுப்பினால் என்ன? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் மூளை-கணினி இணைப்பு.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு நார்மன் உருவாக்கிய ‘யூட்டா அணி’ இத்துறையில் நீண்ட காலமாகப் பயன்படும் கருவி. 4 மில்லிமீட்டர் சதுரம், அதில் பத்துக்குப் பத்தாக 100 சிலிக்கன் ஊசிகள், ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். பார்வைக்குச் சின்னஞ்சிறு முள்சீப்பு மாதிரி இருக்கும். பக்கவாதத்தால் கைகால்களும் பேச்சும் செயலிழந்த கேத்தி ஹட்சின்சன் என்ற பெண்மணிக்கு 2005-இல் இதைப் பொருத்தினார்கள். 2011-இல் அவர் நினைத்த மாத்திரத்தில் எந்திரக் கை காபி இருந்த குடுவையை எடுத்து அவர் வாயருகே கொண்டுவந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் பிறர் உதவியின்றி அவர் குடித்த முதல் மிடறு அது. மின்முனை அப்போது ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் அவர் மூளைக்குள் இருந்திருந்தது.

கேட்கும் மின்முனை இது. பேசும் மின்முனையும் உண்டு. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், மூளையின் ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஓயாமல் சிறு மின்துடிப்புகளைத் தந்தால் நடுக்கமும் இறுக்கமும் குறைகின்றன. ஆழ்மூளைத் தூண்டல் என்ற இந்தச் சிகிச்சை, குமரி மாவட்ட மக்கள் நன்கு அறிந்த திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் செய்யப்படுகிறது. இதில் பரவலாகப் பயன்படும் மின்முனைக் கம்பி ஏறத்தாழ 1.27 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பல ஆண்டுகள் உள்ளேயே இருந்து வேலை செய்கிறது.

தடித்த கம்பி நீடிக்கும்போது மெல்லிய ஊசி ஏன் தடுமாறுகிறது? ஒரு வகுப்பறையை நினைத்துக்கொண்டால் விளங்கும். கதவு மூடியிருந்தாலும் வராந்தாவிலிருந்து உரக்கக் கூப்பிட்டால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் முணுமுணுப்பதை வராந்தாவிலிருந்து கேட்க முடியாது. அருகில் போய் உட்கார வேண்டும். ஒரு நரம்பு செல்லின் துடிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்க, மின்முனை அதிலிருந்து ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டருக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். இடையில் ஒரு சுவர் எழும்பினால் பேசுவது ஓரளவு நடக்கும், கேட்பது நடக்காது.

சுவர் எழுவது எப்படி?

மூளை மண்டையோட்டுக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது. நாம் அசையாமல் படுத்திருந்தாலும் அது அசைகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும், ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் சற்றே ஏறி இறங்குகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏரன் கில்லெட்டி, ஜித் முத்துசாமி ஆகியோர் மயக்கநிலையிலிருந்த எலிகளில் இதை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். மூச்சினால் 10 முதல் 30 மைக்ரோமீட்டர், நாடித்துடிப்பினால் 2 முதல் 4 மைக்ரோமீட்டர் என்ற அளவில் மூளைத்திசு அசைந்தது. ஒரு நரம்பு செல்லின் உடல் பெரும்பாலும் 10, 20 மைக்ரோமீட்டர் அகலம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சிலும் ஒரு செல்லின் அகலத்துக்கு அசைவு.

மனிதர் நிமிடத்துக்கு 15 தடவை மூச்சு விடுவதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 21,600 தடவை. மூளையோடு சேர்ந்து அசையாத விறைப்பான ஊசி ஒன்று நடுவில் நின்றால், ஒவ்வொரு தடவையும் திசு அதில் உரசும். செருப்புக் கடித்த இடத்தில் தோல் காய்ப்பு ஏறுவது போல, மூளையும் தன்னைக் காத்துக்கொள்கிறது. மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் முதலில் திரள்கின்றன. பின்னர் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற நட்சத்திர வடிவ செல்கள் ஊசியைச் சுற்றி நெருக்கமாகப் படர்ந்து உறை கட்டுகின்றன. அருகிலிருந்த நரம்பு செல்கள் சில மடிகின்றன, சில தள்ளிப்போகின்றன. ரப்பர் மரத்தில் அடித்த ஆணியைப் பட்டை மூடிக்கொள்வதும் இதுவும் ஒரே மாதிரியான தற்காப்பு.

உரசல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே செலுத்தும்போது அறுபடும் நுண் இரத்தக்குழாய்களும், அன்னியப் பொருள் இருப்பதுமே அழற்சியைத் தொடங்கிவைக்கும். அந்தத் தொடக்கக் காயம் ஆறிவிடும். ஆறவிடாமல் நாள்தோறும் கிளறிக்கொண்டிருப்பதுதான் விறைப்பின் வேலை.

இங்கே யங் குணகம் வருகிறது. ஒரு பொருளை நீட்டவோ அழுத்தவோ எவ்வளவு கடினம் என்பதன் அளவு அது. மூளைத்திசுவுக்கு அது ஏறத்தாழ 1,000 பாஸ்கல். இயற்கை ரப்பருக்கும் சிலிகோன் ரப்பருக்கும் 10 லட்சம் பாஸ்கல் என்ற அளவில் இருக்கும். மின்னணுத் துறையில் பயன்படும் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 300 கோடி. சிலிக்கனுக்கு ஏறத்தாழ 17,000 கோடி. அதாவது, யூட்டா அணியின் ஊசி மூளையைவிடப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. கெட்டித் தயிருக்குள் எஃகுக் கம்பியை நட்டுவைத்தது போன்ற பொருத்தமின்மை இது.

தடிமனின் முக்கனம்

அப்படியானால் மூளை அளவுக்கு மென்மையான பொருளைத் தேடினால் போதுமே என்று தோன்றும். அங்கே ஒரு சங்கடம் உண்டு. மின்முனைக்கு மின்கடத்தி வேண்டும். பொன், பிளாட்டினம் போன்ற உலோகங்கள் வேண்டும். அவற்றை மூடும் காப்பு உறை வேண்டும். தயிர் போன்ற பொருளில் இவற்றைப் படிய வைப்பது எளிதல்ல.

ஆனால் வளைவது என்பது பொருளின் தன்மையை மட்டும் சார்ந்ததில்லை. வடிவத்தையும் சார்ந்தது. ஒரு பட்டையின் வளைவு எதிர்ப்பு அதன் யங் குணகத்துக்கும் அகலத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். தடிமனுக்கோ அதன் முக்கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிமனைப் பாதியாக்கினால் வளைவு எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்காக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கண்ணாடி வளையாது, கண்ணாடி இழை வளையும். காரணம் இதுதான்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரே அகலமுள்ள இரண்டு பட்டைகள். ஒன்று 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன். மற்றொன்று 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிஇமைடு. யங் குணகங்களின் விகிதம் ஏறத்தாழ 57. தடிமன்களின் விகிதத்தின் முக்கனம் 50 × 50 × 50 = 1,25,000. இரண்டையும் பெருக்கினால் 71 லட்சத்துக்கும் மேல். பொருளை மாற்றியதால் கிடைத்தது வெறும் 57 மடங்கு. மிச்சமெல்லாம் மெலிதாக்கியதால் கிடைத்தது. அடுக்குக்குறி பாடத்தில் மாணவர்கள் ‘இது எதற்கு உதவும்?’ என்று கேட்டால், இந்த ஒரு கணக்கைக் காட்டலாம்.

இந்த வழியில் சென்றவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபர் குழு, மீன்வலை போன்ற கண்ணிகள் கொண்ட மெல்லிய மின்முனை வலையைச் செய்து, அதைச் சுருட்டி ஊசிமருந்துபோல மூளைக்குள் செலுத்தலாம் என்று 2015-இல் காட்டியது. அடுத்த ஆண்டே, அத்தகைய வலைகளைக் கொண்டு சுண்டெலிகளில் அதே நரம்பு செல்களை எட்டு மாதங்கள் தொடர்ந்து கேட்க முடிந்ததாக வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லான் லுவான், சோங் ஷியே ஆகியோர் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இழைகளைச் செய்தார்கள். அவற்றைச் சுற்றி வடு உறை உருவாகவில்லை என்பதை 2017-இல் பதிவு செய்தார்கள்.

நூலைத் தள்ள முடியுமா?

மென்மையாக்கியதும் அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. நூலின் ஒரு முனையைப் பிடித்துத் துணிக்குள் தள்ளிப் பாருங்கள். மடங்கிவிடும். மூளைக்குள் தொந்தரவு தராமல் இருக்க நெகிழ்வு வேண்டும். உள்ளே நுழைவதற்கோ விறைப்பு வேண்டும். ஒரே பொருளிடம் இரண்டு எதிரெதிர் குணங்களைக் கேட்கிறோம்.

தையல்காரர் வழியே ஒரு தீர்வு. ஊசி நூலை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியே வரும். நியூராலிங்க் நிறுவனத்தின் தையல் எந்திரம் போன்ற ரோபோ இப்படித்தான் இழைகளைச் செருகுகிறது. இன்னொரு வழி, நீரில் கரையும் பொருளால் இழைக்கு மேற்பூச்சு கொடுப்பது. உலர்ந்திருக்கும்போது விறைப்பாக நுழையும், உள்ளே போனதும் பூச்சு கரைந்து இழை மட்டும் நிற்கும்.

மூன்றாவது வழி கடலிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை என்ற உயிரினம் உண்டு. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுவது. தொடாதபோது தொளதொளவென்று இருக்கும் அதன் தோல், தொட்டதும் சில நொடிகளில் விறைத்துவிடும். அதன் தோலில் உள்ள கொலாஜன் நுண்ணிழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதும் விடுவதும்தான் இரகசியம். இதைப் பின்பற்றி அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு புதிய பொருள் செய்து, 2008 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. கட்டுரையாளர்கள் ஐவர்: ஜெஃப்ரி கபடோனா, கதிரவன் சண்முகநாதன், டஸ்டின் டைலர், ஸ்டூவர்ட் ரோவன், கிறிஸ்டோஃப் வெடர். கதிரவன் சண்முகநாதன் பின்னர் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானியாகப் பணியில் சேர்ந்தார்.

அவர்கள் செய்ததை நம் மாணவர்களுக்கும் விளங்கும்படி சொல்லலாம். ரப்பர் போன்ற பாலிமருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகளைக் கலந்தார்கள். உலர்ந்த நிலையில் நுண்ணிழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கைகோத்து வலைப்பின்னலாக நிற்கின்றன, பொருள் விறைப்பாக இருக்கிறது. நீர் உள்ளே வந்ததும், நுண்ணிழைகள் ஒன்றையொன்று பற்றுவதை விட்டு நீர் மூலக்கூறுகளோடு பிணைகின்றன, பொருள் தளர்கிறது. முதல் வகையில் விறைப்பு 80 கோடி பாஸ்கலிலிருந்து 2 கோடி பாஸ்கலாகக் குறைந்தது. இரண்டாவது வகையில் பாலிவினைல் அசிடேட்டைப் பயன்படுத்தினார்கள். மரவேலைக்கு நாம் வாங்கும் வெள்ளைப் பசையில் இருப்பது அதுதான். உடலுக்குள் இருப்பது போன்ற ஈரமும் வெப்பமும் கிடைத்தபோது, அதன் விறைப்பு 420 கோடி பாஸ்கலிலிருந்து 16 லட்சம் பாஸ்கலுக்கு இறங்கியது. செருகும்போது கெட்டி பிளாஸ்டிக், செருகிய பின் ரப்பர். 2010-இல் இதே குழு பருத்தியிலிருந்து எடுத்த செல்லுலோஸைக் கொண்டும் இதைச் செய்துகாட்டியது. இவ்வாறு இளகும் பொருள்களை எலிகளின் மூளையில் வைத்துப் பார்த்த பிற்கால ஆய்வில், விறைப்பான பொருள்களோடு ஒப்பிடும்போது அழற்சி குறைந்திருந்தது.

மென்மை மட்டும் போதுமா?

போதாது. இதை மாணவர்களிடம் சொல்வது முக்கியம். ஏனென்றால் அறிவியல் செய்திகள் பெரும்பாலும் வெற்றியோடு நின்றுவிடுகின்றன.

2024 சனவரியில் நியூராலிங்க் தன் கருவியை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது. 64 மெல்லிழைகள், அவற்றில் 1,024 மின்முனைகள். கை கால் செயலிழந்த அந்த இளைஞர் நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடியதை உலகம் பார்த்தது. சில வாரங்களில் இழைகள் பல மூளையிலிருந்து பின்னிழுத்துக்கொண்டன, வேலை செய்யும் மின்முனைகளின் எண்ணிக்கை குறைந்தது. மே மாதத்தில் நிறுவனமே இதைத் தெரிவித்தது. மென்பொருளைத் திருத்தி, மிஞ்சிய மின்முனைகளைக் கொண்டே அவர் தொடர்ந்து பயன்படுத்த வழி செய்தார்கள். இழை நெகிழ்வாக இருந்தால் மட்டும் போதாது, வைத்த இடத்தில் நிற்கவும் வேண்டும் என்பதை அது காட்டியது.

அடுத்தது ஈரம். உடல் என்பது வெதுவெதுப்பான உப்புநீர். கடலோரத்து வீடுகளில் இரும்பு சன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று குமரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உறையை மெலிதாக்க மெலிதாக்க நீரும் அயனிகளும் கசிந்து உள்ளே புகுவது எளிதாகிறது. அடுக்குகள் உரிகின்றன, மின்சாரம் கசிகிறது. ரப்பர் வகைப் பொருள்கள் மென்மையானவை, ஆனால் கசிவை எளிதில் அனுமதிப்பவை. ஹார்வர்டில் ஜியா லியு குழு இதற்கு ஃபுளூரின் சேர்ந்த ரப்பர் வகை ஒன்றைப் பயன்படுத்தி, 2023 இறுதியில் முடிவுகளை வெளியிட்டது. ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சில் உள்ள அதே ஃபுளூரின்தான் இங்கேயும் நீரையும் அயனிகளையும் தள்ளி நிறுத்த உதவுகிறது.

மூன்றாவது, இணைப்பு. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரங்குகளில் பொருத்திய 78 யூட்டா அணிகளின் வரலாற்றை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். பழுதானவற்றில் பெரும்பாலானவை முதல் ஓராண்டுக்குள் பழுதாயின. அதிகம் காணப்பட்டவை கருவி சார்ந்த பழுதுகள், அவற்றிலும் குறிப்பாக மண்டையோட்டின் மேல் இருக்கும் இணைப்பானில் நேர்ந்தவை. அயன்பாக்ஸ் கெட்டால் நாம் முதலில் வயர் நுழையும் இடத்தைத்தானே பார்க்கிறோம்? மென்மையானதும் கடினமானதும் சந்திக்கும் மூட்டு எப்போதும் பலவீனமான இடம்.

இந்தப் பழுதுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். இழந்த கையை எந்திரத்தின் வழியே திரும்பப் பெற்றவருக்கு, அது மீண்டும் மௌனமாவது இரண்டாவது இழப்பு. மாற்ற வேண்டுமென்றால் மண்டையோட்டைத் திறந்து இன்னொரு அறுவைச்சிகிச்சை. ஆகவே ‘எத்தனை மின்முனை?’ என்பதைவிட ‘எத்தனை ஆண்டு?’ என்ற கேள்வியே பெரியது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒன்று, தொடக்க வகுப்புகளுக்கு. ஒரு துணிப்பட்டை, ரப்பர் வளையம், மரக்குச்சி, ஸ்டீல் ஸ்கேல் ஆகியவற்றை மாணவர்கள் மணிக்கட்டில் வைத்து, கையை அசைத்துப் பார்க்கட்டும். ‘எது உன் கையோடு சேர்ந்து வருகிறது? எது உரசுகிறது?’ என்று கேளுங்கள். கடினம், மென்மை என்று வகைப்படுத்துவதோடு நிற்காமல், எந்த வேலைக்கு எது பொருத்தம் என்ற சிந்தனைக்கு இது கொண்டுபோகும்.

இரண்டு, நடுநிலை வகுப்புகளுக்கு. ஒரே அளவில் காகிதப் பட்டைகள் பத்து வெட்டிக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் ஒரு பட்டை எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். நான்கு பட்டைகளை ஒட்டாமல் அடுக்கினால் வளைவு எதிர்ப்பு நான்கு மடங்கு. வேறு நான்கைப் பசை தடவி ஒட்டி, நன்றாகக் காயவைத்தால் அது ஏறத்தாழ 4 × 4 × 4 = 64 மடங்கு. இரண்டின் முனையிலும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்களை வைத்து எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கலாம். பசையும் சற்றுத் தடிமன் சேர்ப்பதால் விடை துல்லியமாக 64 வராது. ஏன் வரவில்லை என்று பேசுவதும் பாடம்தான். கீரிப்பாறை, சிற்றாறு போன்ற தோட்டப் பகுதிப் பள்ளிகளில் ரப்பர் பாலைத் தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவைத்து, ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு என்று ஒப்பிடலாம். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம்.

மூன்று, உயர்நிலை வகுப்புகளுக்கு. அரை லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 3 கிராம் அகர் அகரைக் கொதிக்கவைத்து, டிபன் பாக்ஸில் ஊற்றி ஆறவிடுங்கள். கடைகளில் கடல்பாசி அல்லது சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும். இந்த அளவில் அது மூளைக்கு நெருக்கமான மென்மையோடு உறையும். இதுதான் நம் ‘மூளை’. ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை ஆசிரியரே இதில் செருகி, அதன் மேல்முனையை ஸ்டாண்டில் கட்டிவிடுங்கள். ஸ்டாண்டுதான் ‘மண்டையோடு’. பக்கத்தில் ஒரு தையல்நூலை, ஊசியால் இறக்கிவிட்டு ஊசியை எடுத்துவிட்டு, அதன் மேல்முனையையும் தளர்வாகக் கட்டுங்கள். இப்போது பாத்திரத்தை மேசைமீது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் முன்னும் பின்னுமாக நூறு தடவை மெதுவாக அசையுங்கள். கம்பியைச் சுற்றி என்ன ஆகிறது, நூலைச் சுற்றி என்ன ஆகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரு சொட்டு வண்ண மை விட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

பிறகு ஒரு சவால்: ஊசி இல்லாமல் நூலை எப்படிச் செருகுவது? அவர்களே யோசிக்கட்டும். கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலை நனைத்து, நேராகத் தொங்கவிட்டுக் காயவைத்தால், அது குச்சிபோல் நுழைந்து, உள்ளே போனதும் இளகும். ஆய்வகங்களில் செய்யும் கரையும் மேற்பூச்சின் எளிய வடிவம் இது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘பருப்பொருளின் பண்புகள்’ பாடம் நடத்தும்போது யங் குணகத்தை இந்தச் செயல்பாட்டோடு இணைக்கலாம்.

மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

‘சிப் வைத்தால் படிக்காமலே பாடம் வந்துவிடுமா?’ வராது. இன்றைய கருவிகள் மூளையின் ஒரு சிறு பகுதியில் சில நூறு அல்லது சில ஆயிரம் இடங்களைக் கேட்கின்றன. கையை அசைக்க நினைப்பது, ஒரு சொல்லைச் சொல்ல முயல்வது போன்ற நோக்கங்களைக் கணினியின் துணையோடு ஊகிக்கின்றன. அறிவை உள்ளே ஊற்றும் வழி எதுவும் இல்லை.

‘நம் ஊரில் யாருக்காவது இப்படி வைத்திருக்கிறார்களா?’ உடலுக்குள் மின்முனையோடு வாழும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கலாம். பிறவியிலேயே செவித்திறன் இழந்த குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் உள்வைப்பு அறுவைச்சிகிச்சை செய்யப்படுகிறது. நத்தைக்கூடு போன்ற காக்ளியாவுக்குள் வளைந்து செல்வது, சிலிகோன் ரப்பரில் பதித்த பிளாட்டினம் தொடுமுனைகள் கொண்ட மெல்லிய மின்முனைதான். அது மூளைத்திசுவுக்குள் அல்ல, எலும்பு சூழ்ந்த அசையாத இடத்தில் இருக்கிறது. தனி செல்லைக் கேட்பதில்லை, செவிநரம்போடு பேசுகிறது. ஆகவே பல ஆண்டுகள் நிலைத்து வேலை செய்கிறது. அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்வதும், செவியியல் வல்லுநர் சொன்ன கவனக்குறிப்புகளைப் பெற்றோரிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் நம் பொறுப்பு. பாடம் நடத்தும்போது அந்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்படி நின்றால், கருவி தரும் ஒலியோடு உதட்டசைவும் சேர்ந்து உதவும்.

‘இதில் நாம் செய்ய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?’ நிறைய. நீர் புகாத மெல்லிய உறை, பிய்ந்து போகாத மூட்டு, உப்புநீரில் அரிக்காத கடத்தி, காயப்படுத்தாமல் நுழைக்கும் வழி ஆகிய எதுவும் முழுமையாகத் தீரவில்லை. இவற்றைத் தீர்க்க மருத்துவர் மட்டும் போதாது. பாலிமர் வேதியியல் படித்தவர், நெசவும் பின்னலும் தெரிந்தவர், கடல் உயிரினங்களைக் கவனித்தவர், கணக்குப் போடுபவர் என்று எல்லோரும் வேண்டும். கடல் அட்டையின் தோலும் மரவேலைப் பசையும் பருத்தியும் ஓர் ஆய்வுக்கட்டுரையில் சேர்ந்து நின்றதைப் பார்த்தோம். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்தத் துறையில் நுழைய ஒரு வாசல் அவரவர் வீட்டிலேயே இருக்கிறது. அதை அடையாளம் காட்டுவது நம் கையில் இருக்கிறது.

வலுவான பொருளே நீடித்து உழைக்கும் என்று பிள்ளைகள் பொதுவாக நினைப்பார்கள். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் அது பெரும்பாலும் சரி. உயிருள்ள ஒன்றோடு சேர்ந்து வாழ வேண்டிய பொருளுக்கு வலிமையைவிட இசைவு முக்கியம். அது அசையும்போது சேர்ந்து அசைய வேண்டும், அதன் ஈரத்தைத் தாங்க வேண்டும், அதைக் காயப்படுத்தாமல் இருக்க வேண்டும். கடல்பாசிப் பாத்திரத்தில் கம்பி தோண்டிய குழியையும் நூல் நின்ற இடத்தையும் ஒரு தடவை நேரில் பார்த்த மாணவருக்கு இதை மறுபடி விளக்க வேண்டியிருக்காது.